டிராகுலாவின் ஊர்களுக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள்

புகாரெஸ்டிலிருந்து திரும்பியவர்:

பேயைப் பார்த்த கதைகள் வேண்டாம். ரத்தக்காட்டேரி என்றதும் உலகம் முழுக்க ஒரே பெயரைத்தான் சொல்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர்கள், ஊர்கள், பிணங்கள், இவற்றில் எதையாவது நேரில் பார்த்தவர்கள் எழுதலாம். நானே தொடங்குகிறேன்.

வேலை காரணமாக ருமேனியாவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் "டிராகுலா கோட்டைக்குக் கூட்டிப் போ" என்பதுதான் முதல் கோரிக்கை. அதனால் பிரான் கோட்டையை நான்கு முறை சுற்றிவிட்டேன். வாசலில் திருவிழாக் கடைவீதி மாதிரி இருக்கும்: கோரைப்பல் வரைந்த கோப்பை, கறுப்பு அங்கி, ரப்பர் வௌவால். உள்ளே போனால் வெள்ளையடித்த சுவர்கள், மர நாற்காலிகள், குறுகலான படிகள். 1377இல் ஹங்கேரி மன்னரிடம் அனுமதி வாங்கி, பிராசோவ் நகரத்து ஜெர்மானியக் குடிகள் கட்டிய எல்லைக் கோட்டை அது. டிராகுலா என்று பெயர் பெற்ற விளாட் பதினைந்தாம் நூற்றாண்டில் வலாக்கியாவை, அதாவது இன்றைய தெற்கு ருமேனியாவை, ஆண்ட அரசன்; அவன் அங்கே அரசாளவே இல்லை. அந்த நாற்காலிகள் எல்லாம் ருமேனிய ராணி மரியாவுடையவை. விக்டோரியா மகாராணியின் பேத்தி அவர். 1920இல் பிராசோவ் நகரம் அவருக்குக் கோட்டையைப் பரிசாகக் கொடுத்தது.

மூன்றாம் முறை என் மாமியாரோடு போயிருந்தேன். எல்லா அறைகளையும் பார்த்துவிட்டு, "அவன் படுத்திருந்த பெட்டி எங்கே என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். வழிகாட்டிப் பெண் சிரிக்கவில்லை. "சவப்பெட்டி இங்கே எப்போதும் இருந்ததில்லை. ஆனால் ஒரு பெட்டியில் இதயம் இருந்தது" என்றார். ராணி மரியா 1938இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி இதயத்தைத் தனியாக எடுத்துக் கருங்கடலோரம் பால்சிக்கில் வைத்திருக்கிறார்கள். 1940இல் அந்தப் பகுதி பல்கேரியாவுக்குப் போனதும் அது பிரானுக்கு வந்தது. பிறகு அருங்காட்சியகத்துக்குப் போய், 2015இல் சினாயாவில் உள்ள பெலிஷோர் மாளிகையைச் சேர்ந்தது. பொய்யான காட்டேரியைத் தேடிப் போன இடத்தில் மெய்யான ஓர் இதயம் ஊர் ஊராக அலைந்த கதை கிடைத்தது. மாமியாருக்கு இன்றுவரை அந்தப் பயணத்தில் நினைவிருப்பது அது மட்டும்தான்.

விளாடின் உண்மையான கோட்டை பொயெனாரி. ஆர்ஜெஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், 1480 படிகளுக்கு மேலே. பழனி ஏறிய கால்தானே என்று நினைத்துப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கரடி நடமாட்டம் பற்றிய எச்சரிக்கைப் பலகைகள் வேறு. மேலே இடிந்த சுவர்களும் காற்றும்தான் மிச்சம். 1888இல் மண் சரிந்து கோட்டையின் ஒரு பகுதியே கீழே போய்விட்டது.

என் வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. டிராகுலா என்ற பெயரை அவர் வீட்டில் சொல்லக் கூடாது. "விளாட் ட்செபெஷ்" என்றுதான் சொல்ல வேண்டும். கழுவேற்றி என்று பொருள். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை! தந்தை விளாட் 1431இல், துருக்கியருக்கு எதிராகப் போராடுவதாகச் சத்தியம் செய்துகொண்ட 'டிராகன் சங்கத்தில்' சேர்ந்தார், அதனால் டிராகுல். மகன் டிராகுலா. டிராகன் என்ற பொருள் பின்னால் மங்கி, இன்றைய ருமேனிய மொழியில் 'டிராக்' என்றால் சாத்தான். "ஒரு சொல் கெட்டுப்போனதற்கு என் அரசன் என்ன செய்வான்?" என்பார். டிர்கோவிஷ்டே நகரின் நீரூற்றில் அவன் பொற்கிண்ணம் ஒன்றை வைத்திருந்தானாம், யாரும் திருடத் துணியவில்லையாம். இந்தக் கதையை எனக்கு ஐந்து முறையாவது சொல்லியிருப்பார்.

அவன் கொடுமைக்காரன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1462இல் துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் படை வந்தபோது, கழுவேற்றப்பட்ட உடல்கள் ஒரு காடு போல நின்றதாகவும், அவை இருபதாயிரம் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் சால்கோகொண்டிலெஸ் எழுதுகிறார். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, எண்ணிக்கையைக் கேட்டதும் ஒரு சந்தேகம் தானாகவே வந்தது. கழுமரம் உண்மை, எண்ணியவர் யார்?

அவனைப் பற்றிய மோசமான கதைகளைப் பரப்பியவர்களுக்கும் அவரவர் காரணம் இருந்தது. வணிகத் தகராறில் அவன் கையால் அடிபட்டவர்கள் பிராசோவின் ஜெர்மானியர்கள். 1462இல் அவனைச் சிறைபிடித்த ஹங்கேரி மன்னர் மத்தியாஸுக்கும் அதற்கு நியாயம் சொல்ல வேண்டியிருந்தது. அச்சு இயந்திரம் அப்போதுதான் வந்திருந்தது. நியூரம்பெர்கில் 1488இல் அவனைப் பற்றிய சிறுபிரசுரம் அச்சாகிவிட்டது. ஸ்ட்ராஸ்பர்கில் 1500இல் வந்த பதிப்பின் முகப்புப் படத்தில், கழுமரங்களுக்கு நடுவே மேசை போட்டுச் சாப்பிடுகிறான். இத்தனை எழுதிய எதிரிகள்கூட, செத்த பிறகு எழுந்து வந்தான் என்று மட்டும் எழுதவில்லை.

லீட்ஸில் படித்தவர்:

அதை எழுதியவர் அயர்லாந்துக்காரர் பிராம் ஸ்டோக்கர். எழுத உட்கார்ந்த ஊர்களில் ஒன்று இங்கிலாந்தின் விட்பி. லீட்ஸிலிருந்து பஸ்ஸில் போனேன். 199 படிகள் ஏறினால் புனித மரியாள் தேவாலயம், அதன் பின்னால் இடிந்த மடாலயம். கல்லறைகளின் எழுத்துகளைக் கடல் காற்று அரித்துத் தின்றுவிட்டது. டிராகுலாவின் கல்லறை எங்கே என்று ஊழியர்களைக் கேட்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை என்று அறிவிப்பு வைக்கும் அளவுக்கு அங்கே தொல்லை. கேட்கலாம் என்றிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

1890 கோடையில் ஸ்டோக்கர் இங்கே தங்கியபோது, உள்ளூர் நூலகத்தில் வலாக்கியா, மோல்தாவியா பற்றிய ஒரு பழைய நூலை எடுத்திருக்கிறார். எழுதியவர் வில்லியம் வில்கின்சன், புகாரெஸ்டில் தூதராக இருந்த ஆங்கிலேயர், வெளிவந்தது 1820இல். வலாக்கிய மொழியில் டிராகுலா என்றால் சாத்தான் என்று அதில் ஓர் அடிக்குறிப்பு. ஸ்டோக்கர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதுவரை அவர் கதையில் வந்த பிரபுவின் பெயர் 'வாம்பிர்'. 'டிராகுலா' நாவல் 1897இல் வெளிவந்தது. ஸ்டோக்கர் ருமேனியாவை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. உங்கள் வீட்டுக்கார அம்மாவின் அரசனைக் கெடுத்தது ஓர் அடிக்குறிப்பு, நண்பரே.

விக்கிரமாதித்தன் கதை சேகரிப்பவர்:

ஒரு சின்ன இடைச்செருகல். பழைய புத்தகக் கடையில் நம் வேதாளக் கதையின் ஆங்கில வடிவம் ஒன்று கிடைத்தது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வெளியிட்டதன் மறுபதிப்பு. அட்டையில் வேதாளத்துக்கு 'வாம்பயர்' என்று பெயர்! நம் வேதாளம் யார் ரத்தத்தையும் குடிக்கவில்லை. முருங்கை மரத்தில் தொங்கிக்கொண்டு புதிர்தான் போடும். இந்தப் பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் அறிவார். பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் குத்துவாள் போல மின்னியது என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வேதாளம் நாவலுக்குள் புகுந்ததோ இல்லையோ, அந்தப் பல் புகுந்திருக்கும் என்பது என் ஊகம்.

பிரேதப் பரிசோதனை மருத்துவர்:

நான் எந்த ஊருக்கும் போகவில்லை. சவக்கிடங்கில் பார்த்ததைச் சொல்கிறேன்.

பயிற்சிக் காலத்தில், ஒரு கோடையில், நான்கு நாள் ஆன உடல் ஒன்று வந்தது. உயிரோடு இருந்தபோது மெலிந்த மனிதர் என்று தம்பி சொன்னார், உடலோ புடைத்திருந்தது. வாயோரம் செந்நிறத் திரவம். "யாரோ அடித்திருக்கிறார்கள் டாக்டர், ரத்தம் வருகிறது" என்று தம்பி அழுதார். அடி எதுவும் இல்லை. குடலில் உண்டாகும் வாயு வயிற்றை உப்ப வைக்கும். நுரையீரலில் சிதைந்த திரவத்தை வாய், மூக்கு வழியாகத் தள்ளும். மேல்தோல் உரியும், அடியில் புதுத்தோல் போலச் சிவப்பாகத் தெரியும். நகம் கழன்றாலும் அப்படித்தான். இதை அந்தத் தம்பிக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

பல ஆண்டுகள் கழித்து 1725ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றைப் படித்தேன். ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த செர்பியாவில் கிசிலியெவோ என்ற கிராமம். பேட்டர் பிளகோயெவிச் என்ற விவசாயி இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. அதன்பின் எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அவன் கனவில் வந்து கழுத்தை நெரித்ததாகச் சொல்லிவிட்டுச் செத்தார்கள். கிராமத்தார் கல்லறையைத் தோண்டினார்கள். அரசு அதிகாரி ஒருவர் அருகில் நின்று எழுதினார்: பழைய தோல் உரிந்து புதுத்தோல் வந்திருக்கிறது, புது நகம் முளைத்திருக்கிறது, வாயில் புது ரத்தம். எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. பயத்தால் அல்ல. நான் மருத்துவப் பதிவேட்டில் எழுதியதையே அந்த மனிதர் எழுதியிருக்கிறார். பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை. கூர்மரத்தால் நெஞ்சில் குத்தி எரித்துவிட்டார்கள்.

இந்த அறிக்கை வியன்னாவில் அச்சேறியது. 1732இல் மெத்வெஜா கிராமத்திலிருந்து ராணுவ மருத்துவர்களின் அறிக்கையும் சேர்ந்தபோது, ஐரோப்பா முழுக்க 'வாம்பயர்' என்ற சொல் பரவிவிட்டது. 1755இல் மகாராணி மரியா தெரேசா, தம் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆலோசனையைக் கேட்டு, இப்படிப் பிணங்களைத் தோண்டி எரிப்பதைத் தடை செய்தார். எங்கள் தொழிலுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் என்பேன்.

பிராவிடென்ஸில் வசிப்பவர்:

டாக்டர் சொன்ன கதை ஐரோப்பாவோடு முடியவில்லை. நான் இருக்கும் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், எக்ஸெட்டர் என்ற சிற்றூரின் இடுகாட்டில் மெர்சி பிரவுனின் கல் இருக்கிறது. 1892 ஜனவரியில், 19 வயதில் இறந்த பெண். தாயும் அக்காவும் முன்பே அதே எலும்புருக்கி நோயில் போய்விட்டார்கள். அடுத்து அண்ணன் எட்வின் படுத்துவிட்டான். இறந்தவர்களில் ஒருத்தி அவனை உறிஞ்சுகிறாள் என்று அக்கம்பக்கத்தார் தந்தையை நெருக்கினார்கள். அவர் நம்பவில்லை; ஆனாலும் இணங்கினார். மார்ச் 17 அன்று மூன்று உடல்களையும் பார்த்தார்கள். தாயும் அக்காவும் ஏறக்குறைய எலும்புகள்தான். குளிர்காலத்தில் தரைக்கு மேலே கல்லறையில் வைத்திருந்த மெர்சி கெடாமல் இருந்தாள். நுரையீரலில் காசநோயின் அடையாளம் இருப்பதை உடன் வந்த மருத்துவர் சொன்னார். கேட்பார் இல்லை. இதயத்தை எரித்து, சாம்பலைக் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே மாதம் அவனும் இறந்தான்.

பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த நாள் 1882 மார்ச் 24. அதற்கும் எக்ஸெட்டரின் அந்த மார்ச் 17க்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு ஒரு வாரம்தான் குறைவு.

நான் போனபோது கல்லைச் சுற்றி இரும்புப் பட்டை அடித்திருந்தது. 1996இல் யாரோ திருடிக்கொண்டு போய் மீட்டுவந்த கல். அதன் மேல் நாணயங்களும் பிளாஸ்டிக் கோரைப்பல் ஒன்றும். பல்லை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். தவறா சரியா என்று தெரியவில்லை, அந்தத் தகப்பனை நினைத்துச் செய்தேன். ரோட் ஐலண்ட் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் காட்டேரி நம்பிக்கை பற்றி 1896இல் நியூயார்க் பத்திரிகையில் வந்த செய்தி ஒன்று ஸ்டோக்கரின் குறிப்புகளுக்கு நடுவே இருக்கிறது.

லீட்ஸில் படித்தவர்:

எல்லாம் சரி. விளாடைப் புதைத்த இடம் எது என்று முதலில் எழுதியவர் சொல்லவே இல்லையே?

புகாரெஸ்டிலிருந்து திரும்பியவர்:

சொல்கிறேன். 1476 முடிவிலோ 1477 தொடக்கத்திலோ போரில் கொல்லப்பட்டான். தலையை சுல்தானிடம் கொண்டுபோய்விட்டார்கள். உடல் புகாரெஸ்டுக்கு வடக்கே ஸ்னாகோவ் ஏரித் தீவு மடாலயத்தில் கிடக்கிறது என்பது ஐதீகம். 1933இல் பலிபீடத்துக்கு முன்னால் இருந்த பலகையைத் தூக்கித் தோண்டியபோது, கிடைத்தவை விலங்கு எலும்புகள்.

இருந்தாலும் வீட்டுக்கார அம்மா மெழுகுவர்த்தி ஒன்றைக் கொடுத்து, அவன் பெயரில் ஏற்றிவிட்டு வரச் சொன்னார். ருமேனியத் தேவாலயங்களில் மெழுகுவர்த்தி ஏற்ற இரண்டு இடங்கள் இருக்கும்: ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, இன்னொன்று இறந்தவர்களுக்கு. நான் இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த மூதாட்டி யாருக்கு என்று கேட்டார். "விளாட்" என்றேன். கையைப் பிடித்து இறந்தவர்களின் பக்கம் கொண்டுபோனார்.