களிமண்ணில் அருமண் தனிமங்கள்: பாறை தந்ததா, மழை சேர்த்ததா?

பாறைநேசன்:
தென்சீனத்தின் சியாங்சி மாகாணத்தில் 1969இல் கண்டறியப்பட்ட களிமண் படிவுகளைப் பற்றிப் பேசுவோர், வெப்பமும் மழையும் கிரானைட்டைச் சிதைத்ததால் அருமண் தனிமங்கள் (‘ரேர் எர்த்’ எனப்படும் உலோகங்கள்) குவிந்தன என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. லாங்னான் பகுதிக் களிமண்ணில் இட்ரியம், டிஸ்புரோசியம் போன்ற கனமான வகைகள் மிகுந்துள்ளன. அதே கன்சோ வட்டாரத்துச் சூன்வூவிலோ லாந்தனம், நியோடிமியம் போன்ற இலேசான வகைகளே மேலோங்குகின்றன. தட்பவெப்பம் இரண்டு இடத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது அடியிலுள்ள பாறை.

செம்மண்காடு:
எந்தத் தனிமம் என்பதைப் பாறை தீர்மானிக்கிறது என்பதில் எனக்கும் மறுப்பில்லை, ஐயா. ஆனால் சிதையாத கிரானைட்டில் அது கனிமத்துக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறப்பது மழைநீர்தான். மேல்மண்ணின் அமிலத்தன்மையுள்ள நீர், அருமண் அயனிகளைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கிறது. அவற்றுள் சீரியம் மட்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்து சீரியனைட் என்ற ஆக்சைடு கனிமமாக மேலடுக்கிலேயே தங்கிவிட, மற்றவை இறங்குகின்றன. ஆழம் கூடக்கூட நீரின் அமிலத்தன்மை குறைவதால், கிரானைட்டிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் சிதைந்து உருவான கயோலினைட், ஹாலோய்சைட் ஆகிய களிமண் கனிமங்களின் பரப்பில் அயனிகள் ஒட்டிக்கொள்கின்றன. சீனாவிலும் மடகாஸ்கரிலும் எடுத்த மண்ணைச் சின்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கி தரும் செறிந்த எக்ஸ் கதிரால் ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, இந்த அயனிகள் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த நிலையிலேயே களிமண்ணைப் பற்றியிருப்பதைக் காட்டியது. பிடி அவ்வளவு தளர்வாக இருப்பதால்தான் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினாலே அவை விடுபடுகின்றன.

பாறைநேசன்:
திறக்கக்கூடிய பூட்டாக இருக்க வேண்டுமே! லாங்னானில், ஃபுளோரின் மிகுந்த வெந்நீர்மங்கள் கிரானைட்டை மாற்றியதால் சிஞ்சிசைட் போன்ற ஃபுளோரோகார்பனேட்டுகள் உருவாயின. அவை எளிதில் கரையும். எளிதில் கரையாத பாஸ்பேட்டுக் கனிமங்களான மோனசைட்டோ செனோடைமோ ஆக இருந்திருந்தால் உங்கள் மழை என்ன செய்திருக்கும்? மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைப் பாருங்கள். தாய்ப்பாறை சிதைந்து, ஆறுகள் அடித்து வந்து, அலைகள் புரட்டிய பிறகும் மோனசைட் மணியாகவே கிடக்கிறது.

செம்மண்காடு:
நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் எளிதில் கரையும் கனிமம் இருந்தாலும், செங்குத்துச் சரிவில் சிதைந்த மண் உடனுக்குடன் அரிக்கப்பட்டுவிட்டால் படிவு உருவாகாது. தாழ்ந்த குன்றுகளில், அரிப்பைவிடச் சிதைவு விரைந்து நடக்கும் இடத்தில்தான் மண்போர்வை பல மீட்டர் தடிக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் அருமண் அளவு தாய்ப்பாறையைப் போலப் பன்மடங்காக இருக்கக்கூடும். பாறை மட்டுமே காரணமென்றால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவீர்கள்?

பாறைநேசன்:
குவிவதற்கு மண்போர்வை தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேடலைத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சிதையாத பாறையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில்தான் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

செம்மண்காடு:
நானோ மண்ணிலிருந்தே தொடங்குவேன். ஆனால் மொத்த அளவை நம்ப மாட்டேன். அதில் கரையாத மோனசைட்டும் சேர்ந்துவிடும். அம்மோனியம் சல்பேட்டில் கரைந்து வரும் பங்கை மட்டும் தனியே அளப்பேன். இந்தக் களிமண்கள் பலவற்றில் மொத்த அருமண் ஆக்சைடே 0.05 முதல் 0.2 விழுக்காடுதான் என்பதால், அந்தப் பங்கு பாதியாகக் குறைந்தாலும் சுரங்கம் கட்டுப்படியாகாது.