வீட்டுக்கே வரும் தெரபி: சேலம், ஏற்காடு பெற்றோரின் அனுபவங்கள்

அம்மாபேட்டை அம்மா:

வீட்டுக்கு வரும் தெரபி பற்றி நம் பெற்றோர் குழுவில் நிறைய பேர் கேட்டதால் எழுதுகிறேன். என் பையனுக்கு ஆட்டிசம், நாலு வயது. முதலில் ஒரு தெரபி சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே பந்தில் உட்காருவான், கட்டை அடுக்குவான். வீட்டுக்கு வந்தால் நேரே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நாங்கள் வீட்டில் பழக்குவதில்லை என்று சென்டரில் எங்களைத்தான் குறை சொன்னார்கள்.

அப்புறம் வீட்டுக்கு ஒரு ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) மேடம் வந்தார். முதல் நாள் பையைத் திறக்கவே இல்லை. பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பின்சுவரை ஒட்டி விசைத்தறிப் பட்டறை. காலங்காலமாகக் கேட்கிற சத்தம் என்பதால் எங்கள் காதில் அது விழுவதே இல்லை. அன்றைக்குப் பார்த்து கரண்ட் போனது, தறி நின்றது. கொஞ்ச நேரத்தில் பையன் தானாக வெளியே வந்து அவருடைய வளையலைத் தொட்டுப் பார்த்தான். "பாத்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். சென்டரின் ஏசி ரூமில் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவனுடைய இடத்தை முன்னறைக்கு மாற்றினோம். தறி நிற்கும் சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி. சின்னக் குடத்தில் பாதித் தண்ணீர் தூக்குவது, சப்பாத்தி மாவு பிசைவது என்று கைக்கும் தோளுக்கும் பலமான வேலையாகக் கொடுத்தார். முறுக்கை அவன் கண்ணுக்குத் தெரியும்படி இறுக்கி மூடிய டப்பாவில் வைக்கச் சொன்னார். வேண்டுமென்றால் அவனே டப்பாவைக் கொண்டுவந்து நம் முகத்தைப் பார்க்க வேண்டும். என் மாமியாருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "பசிக்கிற பிள்ளைக்கு முறுக்கைக் காட்டிட்டு மூடி வெக்கிறதா?" என்று ஒரே சண்டை. இப்போது "தா" என்று கேட்கிறான். தெளிவாக இல்லை, ஆனால் என்னைப் பார்த்துக் கேட்கிறான்.

ஓமலூர்ப் பக்கத்து அம்மா:

உங்களுக்கு நல்லவர் கிடைத்தார் அக்கா. எங்கள் வீட்டுக்கு வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ரைம்ஸ் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவா என்றால், அம்மா இருந்தால் குழந்தை ஒத்துழைக்காதாம். வாரத்தில் மீதி நேரமெல்லாம் குழந்தை நம்மிடம்தானே இருக்கிறது? நமக்குச் சொல்லித்தராமல் என்ன தெரபி? நிறுத்திவிட்டோம்.

ஒன்று சொல்கிறேன். ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்களிடம் வந்தவர் "அப்புறம் அனுப்பறேன்" என்றே காலம் கடத்தினார். பிசியோ, ஓ.டி.க்கு அந்தப் பதிவு பொருந்தாது, பட்டச் சான்றிதழைப் பாருங்கள்.

ஏற்காடு அப்பா:

எங்களுக்குச் சென்டரா வீடா என்று யோசிக்கவே வழியில்லை. மகளுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுத்து, உடம்பெல்லாம் விறைத்துப் போய்ச் சேருவாள். அதன் பிறகு எந்தக் காலை நீட்டி மடக்குவது?

பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து பிசியோ சார் வீட்டுக்கே வருகிறார். பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளுக்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உள்ள ஏற்பாடு, காசு கிடையாது. குறை என்றால் அடைமழையும் பனிமூட்டமும் வந்தால் வரமாட்டார். அதனால் எல்லாவற்றையும் என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். குதிகாலை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு நேரம் இழுத்து நிறுத்துவது, வலித்தால் அவள் முகம் எப்படி மாறும் என்பது வரை.

மகளுக்கு வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளேயே மடங்கி இருக்கும். காய்ந்த காபிக் கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் தம்ளரில் போடச் சொன்னார். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை, இடது கை தம்ளரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும், வலது கட்டைவிரல் வெளியே வர வேண்டும். பக்கத்திலேயே இருப்போம், வாயில் போட்டுக்கொள்வாள். கொட்டை விழும் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். எவர்சில்வரை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தம்ளர் வைத்த அன்று தொடவே இல்லை.

தெரபிச் செலவுக்குப் பண உதவி கிடைக்குமா என்றும் சிலர் குழுவில் கேட்டிருந்தீர்கள். முதலில் யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் அடையாள அட்டை) வாங்குங்கள். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் உண்டு, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் நம் கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் பில்லை அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வருபவரிடம் ஒவ்வொரு முறையும் சீலும், பதிவு எண் இருந்தால் அதுவும் போட்ட ரசீது வாங்கிவிடுங்கள். வெறும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை நம்பி இருக்காதீர்கள். விண்ணப்பப் பாரத்தில் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், மலையில் டவர் கிடைக்கும்போது பதில் போடுகிறேன்.