எட்டோஷா தண்ணிக் குட்டையில பார்த்தது

ஆப்பிரிக்காவுல நமீபியா நாட்டு எட்டோஷா தேசியப் பூங்காவுக்குப் போயிட்டு வந்து ரெண்டு மாசம் ஆகுது, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, மறக்கறதுக்குள்ள எழுதிடறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற பொண்ணு, மூணு பேரும் செப்டம்பர்ல போனோம். தலைநகர் விண்ட்ஹூக்ல வாடகைக்கு வண்டி எடுத்து வடக்க 430 கிலோமீட்டர் நாங்களே ஓட்டிட்டுப் போனது. மழை நின்னு நாலஞ்சு மாசம் ஆன சமயம், காட்டுக்குள்ள தேங்கி நின்ன தண்ணியெல்லாம் சுத்தமா வத்திப்போச்சு. நடுவுல கிட்டத்தட்ட 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெறும் வெள்ளை உப்புப் படுகை, அதுல ஒரு சொட்டு கிடையாது. தெற்கு ஓரமா இருக்கற ஊத்தும், போர் போட்டு நிரப்பற குட்டையும்தான் அத்தனை ஜீவனுக்கும் கதி. அதனால அங்க மிருகத்தைத் தேடி அலையவே வேண்டாம், குட்டைகிட்ட உட்கார்ந்தா அதுங்களே வரும்.

இது எங்களுக்கு மொத நாள் புரியல. சிங்கம் பார்க்கணும்னு ஒரே நாள்ல ஆறு குட்டை சுத்தினோம், ஒவ்வொண்ணுலயும் பத்து நிமிஷம், புழுதி தின்னதுதான் மிச்சம். மறுநாள் கேம்ப்லயே சொல்லி ஒரு கைடோட திறந்த வண்டியில போனோம், அந்த ஊர் ஒவாம்போ இனத்துக்காரர், வயசானவர், அதிகம் பேசமாட்டார். நேரா நெப்ரௌனி குட்டைக்குக் கொண்டுபோயி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு "இனிமே இங்கதான்"னு சொல்லிட்டார். கிட்டத்தட்ட மூணரை மணி நேரம், நகரவே இல்லை.

மொதல்ல வரிக்குதிரைங்க வந்துச்சு, வரிசையா, ஆனா நேரா தண்ணிக்குப் போகல. அம்பது அடி தள்ளியே நின்னுடுச்சு. முன்னாடி நிக்கறது ரெண்டு எட்டு வைக்கும், காதைத் திருப்பும், மூக்கை நீட்டும், பின்னாடி எங்கயோ ஒரு கல்லு உருண்டாக்கூட போதும் மொத்தமும் திரும்பி ஓடிடும், மறுபடி வரும், மறுபடி ஓடும். தாகத்துல வயிறு ஒட்டிப்போயிருக்கு, கண்ணு முன்னாடி தண்ணி இருக்கு, ஆனாலும் வாய் வைக்க நாற்பது நிமிஷம் ஆச்சு. குனிஞ்ச நேரத்துலதான் சிங்கம் பாயும்னு அதுங்களுக்குத் தெரியும்னார் கைடு. என் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டு "குடிம்மா, குடிச்சிடும்மா"ன்னு முணுமுணுத்துட்டே இருந்தா, எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

அப்புறம் யானைங்க, பதினோரு ஆண் யானை. அந்த ஊர் மண்ணு சுண்ணாம்பு மண்ணு, அதைப் பூசிக்கிட்டு எல்லாம் வெள்ளை வெளேர்னு வருது, வெயில்ல பார்த்தா நடந்து வர்ற பாறை மாதிரி. அதுங்க வந்ததும் மத்த எல்லாம் தானா வழிவிட்டு ஓரமா போயிடுச்சு. எல்லாத்துலயும் பெருசு ஒண்ணு, தெளிஞ்ச தண்ணி வந்து விழற இடத்துல போய் நின்னுது, அந்த இடத்துக்கு வேற யாரும் வரல. சின்ன ஆண் ஒண்ணு மெதுவா பக்கத்துல வந்து, தும்பிக்கை நுனியைக் கொண்டுபோய் பெருசோட வாய்க்குள்ள வெச்சுது, வெச்சுட்டு எடுத்துடுச்சு. பெரியவருக்கு வணக்கம் வைக்கறதுன்னார் கைடு. கெய்ட்லின் ஓ'கானல்னு ஒரு விஞ்ஞானி இதே எட்டோஷாவுல முஷாரா குட்டைகிட்ட வருஷக்கணக்கா உட்கார்ந்து ஆண் யானைங்களுக்குள்ள இருக்கற இந்த முறையெல்லாம் பார்த்து எழுதியிருக்காங்க. ஆண் யானைன்னா தனியா திரியும்னுதான் நான் நெனச்சிருந்தேன், இப்படி பெரியவன் சின்னவன் மரியாதையெல்லாம் இருக்கும்னு நேர்ல பார்த்துதான் தெரிஞ்சுது.

ராத்திரி ஒகாக்குயோ கேம்ப். அங்க கேம்ப் சுவரை ஒட்டியே குட்டை, மஞ்சள் விளக்கு போட்டிருக்காங்க, சின்ன கல்லுச் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சுல நாம. நூறு பேருக்கு மேல இருந்திருப்பாங்க, ஒருத்தர் இருமினாக்கூட கேக்கும், அவ்வளவு அமைதி. ஒன்பதரைக்கு இருட்டுக்குள்ளேர்ந்து கருப்புக் காண்டாமிருகம் ஒண்ணு வந்துச்சு, பின்னாடியே குட்டி. கருப்புல குட்டி தாய்க்குப் பின்னாடிதான் வரும், வெள்ளைக் காண்டாமிருகத்துல குட்டி முன்னாடி நடக்கும். தாய் குடிக்கற சத்தம், உறிஞ்சி உறிஞ்சி, எங்க பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. தண்ணியில அதோட நிழல் தலைகீழா அசையாம நின்னுது. எதிர்க்கரையில இன்னொண்ணு வந்ததும் தாய் புஸ்ஸுன்னு குக்கர் ஆவி விடற மாதிரி மூச்சு விட்டுச்சு, குட்டி வயித்துக்கு அடியில ஒட்டிக்கிச்சு. கொம்புக்காக இதுங்களை எப்படி வெட்டிப் போடறாங்கன்னு செய்தியில படிச்சதெல்லாம் அப்பதான் வயித்தைப் பிசைஞ்சுது. பன்னெண்டு மணி வரைக்கும் நாங்க எழுந்திருக்கவே இல்லை.

இதுமாதிரி குட்டைகிட்ட உட்கார்ந்தவங்க வேற யாராவது இருந்தா நீங்களும் எழுதுங்க.

*

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் கை சும்மா இருக்கல. நானும் எட்டோஷாதான், ஜூலையில. யானை சிங்கம் எல்லாம் பார்த்தேன், ஆனா எனக்கு மனசுல நின்னது ஒரு பறவை. காலையில எட்டரை மணி வாக்குல கல்கௌதாரி கூட்டம் கூட்டமா வந்து கரையில இறங்கும், புறா சைஸ்தான். பொட்டைங்க குடிச்ச உடனே பறந்துடுது, சேவல் மட்டும் சிலது தண்ணிக்குள்ள இறங்கி வயித்தை அமுக்கி அமுக்கி ஆட்டிட்டு உட்கார்ந்திருக்கு. எதுக்குன்னு எனக்குப் புரியல, குளிக்குதுன்னு நெனச்சேன். கைடு தம்பிதான் சொன்னார், அதோட வயித்து இறகு பஞ்சு மாதிரி தண்ணியைப் புடிச்சு வெச்சுக்கும், 25 மில்லி வரைக்கும், அப்படியே பல கிலோமீட்டர் பறந்துபோய் வெட்டவெளியில இருக்கற குஞ்சுங்க முன்னாடி நிக்கும், குஞ்சுங்க அந்த இறகை வாயால உறிஞ்சிக் குடிக்கும்னு.

கரையில குள்ளநரி ஒண்ணு படுத்திருந்துச்சு, தூங்கற மாதிரி. திடீர்னு பாய்ஞ்சுது, மொத்தக் கூட்டமும் படபடன்னு மேல கிளம்பிடுச்சு, நரி வாயில ஒண்ணு. ரெண்டு நிமிஷம் கூட ஆகல, வானத்துல ஒரு சுத்து சுத்திட்டு ஒரு சேவல் மட்டும் திரும்பி அதே இடத்துல வந்து இறங்குச்சு. நரி பத்தடி தள்ளி இறகைத் துப்பிட்டிருக்கு, இது தண்ணியில உட்கார்ந்து வயித்தை ஆட்டுது, ஆட்டுது, முழுசா நனையற வரைக்கும் எழுந்திருக்கல.