ஐரோப்பிய கோல்ஃப் மைதானங்கள்: நீங்கள் பட்ட பாடும் பெற்ற சந்தோஷமும் (அனுபவப் பகிர்வு)

#1 | எடின்பரோ

நான் கோல்ஃப் பழகியது சென்னையில், கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள் இருந்த கோர்ஸில். பந்து மேலே போகும், விழும், இரண்டு துள்ளு துள்ளி நிற்கும். அதுதான் கோல்ஃப் என்று பன்னிரண்டு வருடம் நினைத்திருந்தேன். வேலை மாறி ஸ்காட்லாந்துக்கு வந்த பிறகு ஒரு மே மாதத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஆடக் கிடைத்தது. அன்றைய அனுபவத்தை எழுதத்தான் இந்த இழை. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

அந்த மைதானம் ஊருக்குப் பொது. வெளியூர்க்காரர்களும் பணம் கட்டி ஆடலாம். இரண்டு நாள் முன்பே பெயர் கொடுத்தால் குலுக்கலில் சேர்ப்பார்கள். எங்களுக்கு ஏழாவது முறைதான் விழுந்தது.

முதல் டீயில், அதாவது ஒரு குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடத்தில், நின்றால் பயப்பட ஒன்றுமே இல்லை போலத் தெரியும். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் சேர்த்து ஒரே அகன்ற புல்வெளி, ஒரு பங்கர் (மணல் பள்ளம்) கூடக் கிடையாது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கு முன்னால் ஸ்வில்கன் என்ற சின்ன ஓடை, அவ்வளவுதான். ஆனால் காற்று! ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அங்கே மே மாதத்திலேயே அந்தக் கதி. ஊரை விட்டு வெளியே போய்த் திரும்பி ஊருக்கே வருகிற மாதிரி குழிகள் அமைந்திருக்கும். போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று என்று கணக்குப் போட்டிருந்தோம். பாதி ஆட்டத்தில் காற்று திரும்பிவிட்டது. இரண்டு பக்கமும் எதிர்க்காற்றில்தான் ஆடினோம்.

அப்புறம் தரை. அடியில் மணல், மேலே ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல். தண்ணீர் நிற்காது, களத்துமேடு மாதிரி கெட்டியாக இருக்கும். பந்து விழுந்த பிறகுதான் அதன் பயணமே ஆரம்பிக்கிறது. நான்காவது குழியில் கிரீனுக்கு நாற்பது கெஜம் பாக்கி. பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் மட்டையில் கை வைத்தேன். என் மட்டைப் பையைச் சுமந்து வந்த கேடி அறுபதைத் தாண்டியவர். ஒன்றும் பேசாமல் பந்தைத் தரையில் உருட்டும் புட்டரை உருவி நீட்டினார். இடது பக்கம் ஒரு மேட்டைக் காட்டி, "அங்கே அடி, கொடியைப் பார்க்காதே" என்றார். பந்து மேட்டில் ஏறியது, உச்சியில் நின்றுவிடுமோ என்று தயங்கியது, பிறகு வலது பக்கம் திரும்பி மெதுவாக இறங்கிக் குழிக்கு ஆறடியில் நின்றது. அதுவரை நான் மைதானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஓர் அடிக்குப் பிறகு அதைக் கூட்டாளியாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

பெரும்பாலான கிரீன்கள் இரண்டு குழிகளுக்குப் பொது. இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும் என்று எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். அழகான ஏற்பாடு. ஆனால் தவறான பக்கம் விழுந்தால் நூறு அடி தூரத்திலிருந்து உருட்ட வேண்டும். நான் உருட்டினேன்.

17-வது குழி, ரோடு ஹோல். ஒரு காலத்தில் ரயில்வே ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல். டீயில் நின்று அந்தக் கட்டடத்தின் மூலைக்கு மேலேயே அடிக்க வேண்டும், பந்து எங்கே விழுகிறது என்று தெரியாது. கிரீனுக்குப் பின்னால் சாலை, அதற்குப் பின்னால் கல்சுவர். முன்னால் ரோடு பங்கர். பார்க்க வாய் சிறியதுதான், ஆனால் சுற்றுத் தரையெல்லாம் அதை நோக்கியே சரிகிறது. என் இரண்டாவது அடி கிரீனை நோக்கி ஒழுங்காகத்தான் உருண்டது. கடைசி ஐந்து அடியில் மனம் மாறி உள்ளே இறங்கிவிட்டது.

இறங்கிப் பார்த்தால் புல்கட்டிகளைச் செங்கல் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய செங்குத்துச் சுவர். வேர் மண்ணின் வாசம் மூக்கில் ஏறுகிறது. மேலே வானம் மட்டும்தான் தெரிகிறது. 1978 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் ஜப்பானின் டாமி நகாஜிமா இதற்குள் மாட்டி, வெளியே வர மட்டும் நான்கு அடி எடுத்து, அந்தக் குழியை 9 அடியில் முடித்தார். கேடி பின்பக்கத்தைக் காட்டினார். கிரீனுக்கு முதுகைக் காட்டி அடித்து வெளியே வந்தேன். அந்தக் குழியை ஆறு அடியில் முடித்தேன். என் வாழ்க்கையில் ஆடிய ஆறுகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

#2 | லிமரிக், அயர்லாந்து

அண்ணா, எழுதியதைப் படித்ததும் நானும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இங்கே நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை செய்பவர்கள் இழுத்துப்போய்த்தான் கோல்ஃப் பழகினேன்.

கிளேர் கவுண்டியில் அட்லாண்டிக் கரையோரம் லாஹின்ச் என்று ஓர் ஊர். அங்கே டெல் என்ற குழி, பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டியது). டீயில் நின்றால் எதிரே மணல்மேடு மட்டும்தான் தெரியும். கிரீன் இரண்டு மேடுகளுக்கு நடுவே தொட்டில் மாதிரி ஒளிந்திருக்கிறது. முன்மேட்டில் ஒரு வெள்ளைக் கல். அன்றைக்குக் கொடி எந்த நேரில் இருக்கிறதோ அதற்கேற்பக் கல்லை நகர்த்தி வைப்பார்கள். கல்லைக் குறிவைத்து அடித்துவிட்டு நடக்க வேண்டியதுதான். 1894-ல் ஸ்காட்லாந்துக் கோல்ஃப் வீரர் ஓல்ட் டாம் மாரிஸ் அமைத்தது. பின்னால் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான அலிஸ்டர் மெக்கன்சி 1927-ல் லாஹின்ச்சைத் திருத்தி அமைத்தபோதும் இந்தக் குழி தப்பித்தது.

நாங்கள் நான்கு பெண்கள். நால்வரும் அடித்தோம், நான்கு பந்தும் மேட்டைத் தாண்டின. யாருக்கும் ஒன்றும் தெரியாது. வண்டியை அப்படியே விட்டுவிட்டு மேட்டில் ஓடி ஏறினோம். இரண்டு பந்து கிரீனுக்கு வெளியே. ஒன்று நடுவில். ஒன்று குழிக்கு ஒரு சாண் தூரத்தில். குனிந்து பார்த்தால் அதில் நான் பேனாவால் வைத்த கருப்புப் பொட்டு! கண்ணால் பார்க்காத ஓர் அடி இவ்வளவு ஆனந்தம் தருமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத கிரீன் நியாயமில்லை என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்த மேட்டில் ஓடிய அரை நிமிடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன்.

இன்னொன்று. லாஹின்ச்சில் வெள்ளாடுகள் உண்டு. அவை கிளப் கட்டடத்துப் பக்கம் ஒதுங்கினால் மழை வரப்போகிறது என்று அர்த்தம். நாங்கள் போன அன்று காலையில் ஆடுகள் வாசலிலேயே படுத்திருந்தன. ஒன்பதாவது குழிக்கு வருவதற்குள் மழை பக்கவாட்டில் அடித்தது. காலையில் எட்டாம் நம்பர் அயர்ன் மட்டையில் போன தூரத்துக்கு மாலையில் அதைவிடத் தூரம் போகும் நான்காம் நம்பரும் போதவில்லை.

#3 | மான்செஸ்டர்

கோர்ஸ் (gorse) என்ற செடியைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மஞ்சள் பூவும் முள்ளுமாக ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வெளி) ஓரத்தில் இருக்குமே, அதுதான். சொந்த ஊர் ஊட்டி என்பதால் எனக்கு அது புதிதில்லை. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டுப் பரவிப்போனதும் இதே செடிதான். ஆனால் பந்தைத் தேடி உள்ளே கை விட்டது இங்கேதான். கை முழுக்கக் கீறல். அப்போது பூவிலிருந்து அச்சு அசல் தேங்காய் வாசம் வந்தது. பந்து கிடைக்கவில்லை. அந்த வாசத்தை விட்டுக் கிளம்பவும் மனம் வரவில்லை.

#4 | சுவிட்சர்லாந்து

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன். எல்லோரும் கடற்கரையைப் பற்றி எழுதுகிறீர்கள். மலையிலும் ஆட்டம் உண்டு. க்ரான்ஸ்-மொன்டானா மைதானம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு, பந்து கிட்டத்தட்ட பத்து சதவீதம் கூடுதலாகப் போகும். அதோடு தூரமெல்லாம் மீட்டரில் எழுதியிருக்கும், கெஜக் கணக்கில் பழகியவர்கள் இரட்டைக் கணக்குப் போட வேண்டும். முதல் நாள் மூன்று குழிகளில் கிரீனைத் தாண்டி அடித்தேன். ஆனால் எதிரே பனிமலை வரிசை வடிவாகத் தெரியும், பந்து அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தால் கணக்குப் பிழைத்த கவலையே வராது.

1993-ல் ஸ்பானிய வீரர் செவே பாலஸ்டெரோஸ் இங்கேதான் கடைசிக் குழியில் ஒரு சுவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வெளியே பக்கவாட்டில் தட்டிவிடும்படி கேடி கெஞ்சினார். இவர் சுவருக்கு மேலே, மரக்கிளைகளுக்கு நடுவே அடித்து, அடுத்த அடியைக் குழிக்குள்ளேயே போட்டார். அங்கே போகிறவர்கள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். வழி இருக்கிறது என்று எப்படித்தான் நம்பினாரோ!

#5 | மாட்ரிட்

செவே பேச்சு வந்ததால் வால்டெராமாவையும் சொல்லிவிடுகிறேன். 1997-ல் அவர் தலைமையில் ஐரோப்பா அமெரிக்காவுக்கு எதிரான ரைடர் கோப்பையை வென்ற மைதானம். ஸ்பெயினின் தென்கோடியில் இருக்கிறது. அங்கே பிரச்சினை தக்கை மரங்கள். பாட்டில் மூடிக்குப் பட்டை உரிக்கும் அதே மரம்தான். பந்து ஃபேர்வேயில் இருந்தும் கிளை மறைப்பதால் கிரீனுக்கு அடிக்க முடியாத நிலை எனக்கு ஐந்து தடவை வந்தது. ஃபேர்வேயில் கிடந்தால் மட்டும் போதாது, எந்தப் பாதியில் என்பதையும் யோசித்து அடிக்க வேண்டும். தோளை விட மூளைக்குத்தான் அன்று களைப்பு.

#6 | திருச்சி

எனக்கு 67 வயது. வங்கியில் ஓய்வு பெற்றவன். மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள், போன வருடம் ராயல் ட்ரூன் கூட்டிப்போனாள். எட்டாவது குழிக்கு அஞ்சல் தலை என்று பெயர், கிரீன் அவ்வளவு சின்னது. நீளம் வெறும் 123 கெஜம். ஓபன் நடக்கும் மைதானங்களிலேயே மிகக் குட்டையான குழி.

எதிர்க்காற்றில் ஆறாம் நம்பர் அயர்ன் எடுத்தேன். இடது பக்க பங்கரில் விழுந்தது. அங்கிருந்து அடித்தது கிரீனைக் கடந்து வலது பங்கருக்குப் போயிற்று. அதிலிருந்து மறுபடி இடது பக்கம். மகள், "போதும்பா, எடுத்துடுங்க, கை வலிக்கப் போகுது" என்றாள். நான் எடுக்கவில்லை. 1950 ஓபனில் ஹெர்மன் டிஸ்ஸீஸ் என்ற ஜெர்மானியர் இதே குழியில் பங்கர் பங்கராகத் தாவி 15 அடி எடுத்திருக்கிறார். 1973 ஓபனில் அமெரிக்க வீரர் ஜீன் சரஸன் 71 வயதில் ஒரே அடியில் போட்டார். மறுநாள் பங்கரில் இருந்து நேராகக் குழிக்குள் போட்டு இரண்டில் முடித்தார். இரண்டு நாளும் அந்தக் குழியில் புட்டரைத் தொடவே இல்லை! இதெல்லாம் மனதில் இருக்கும்போது எப்படிப் பந்தைக் கையில் எடுப்பது? ஏழாவது அடியில் முடித்தேன். மகள் கைதட்டினாள். பின்னால் காத்திருந்த நால்வரும் கைதட்டினார்கள்.

#7 | மதுரை

நான் கோல்ஃப் ஆடுவதில்லை. மகன் செயின்ட் ஆண்ட்ரூஸில் படிக்கிறான், ஜூனில் போகிறோம். ஆடாதவர்கள் அந்த மைதானத்துக்குள் போக விடுவார்களா?

#8 | எடின்பரோ

தாராளமாகப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை போங்கள். பொதுவாக அன்று ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடும் குழந்தைகளோடும் நடப்பார்கள். கிரீன் மேலும் பங்கருக்குள்ளும் மட்டும் கால் வைக்காதீர்கள். மெல்லிய ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், ஜூன் என்று நம்ப வேண்டாம். 17-வது கிரீன் பக்கம் வந்ததும் ரோடு பங்கரின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது ஸ்வில்கன் ஓடைமேல் ஒரு சின்னக் கல்பாலம் இருக்கும். மகனை அதில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.