புதுப்பிப்பு: தொப்பி வாங்கியாச்சு, ஒன்றல்ல, இரண்டு

வெயிலுக்கும் உதவ வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். அப்படி எந்தத் தொப்பி வாங்கலாம், கம்பளி ஃபெடோராவா (சுற்றிலும் விளிம்பும் உச்சியில் மடிப்பும் உள்ளது), பனாமா ஓலைத் தொப்பியா, சாதாரண கேப்பா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். முதலில் தலையை அளந்து பார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் உருப்படியான யோசனை. காதுக்குச் சற்று மேலே டேப்பைச் சுற்றினால் 59 செ.மீ. இத்தனை வருடமாக 57 வாங்கி, நெற்றியில் சிவப்புக் கோட்டோடு திரிந்திருக்கிறேன்!

கம்பளி ஃபெடோராவை விட்டுவிட்டேன். கடையில் ஐந்து நிமிடம் போட்டதிலேயே உள்பட்டை ஈரமாகிவிட்டது. குளிருக்கான சரக்கு அது; நனைந்தால் சுருங்கவும் செய்யும்.

கடைசியில் பனாமா. பெயர்தான் பனாமா, பிறந்த இடம் ஈக்வடார். டொக்கியா என்ற செடியின் ஓலையை மெல்லிய நாராகக் கிழித்துக் கையால் பின்னுகிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், உச்சியிலிருந்து பின்னல் வட்ட வட்டமாக விரிவது தெரிகிறது. காற்று தாராளமாகப் புகுகிறது. ஆனால் ஒரு தப்பு செய்தேன்: தினமும் முன்பக்க மடிப்பைக் கிள்ளியே கழற்றினேன். மூன்றாவது வாரம் அங்கே ஒரு நார் விண்டுவிட்டது. இப்போது விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்கிறேன்.

அப்புறம் லினன் ஃப்ளாட் கேப் ஒன்று, முன்பக்கம் மட்டும் சின்ன விளிம்புள்ள தட்டையான தொப்பி. சுருட்டிப் பையில் போடலாம், கசங்கினாலும் அழகு. பின்கழுத்துக்குத்தான் நிழல் கிடையாது. என் முகத்துக்கு இதுதான் பொருந்துகிறது என்கிறாள் மனைவி. பனாமா போட்டால் துப்பறிகிற ஆள் மாதிரி இருக்கிறேனாம்.

பாலியெஸ்டர் பேஸ்பால் கேப்பைப் பரிந்துரைத்தவர்களுக்கு: ஓடப் போகும்போது சரி, இஸ்திரி போட்ட சட்டையோடு மனசு ஒப்பவில்லை.