திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சமையல் செலவு குறைய என்ன வாங்கலாம், எதை விடலாம்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகவோ கல்யாணமாகியோ திருகோணமலைக்கு வருகிறவர்கள், முதல் மாதச் சாமான் சீட்டை ஊரில் எழுதுவதுபோலவே எழுதுகிறார்கள். துவரம்பருப்பு, உளுந்து, சூரியகாந்தி எண்ணெய், பொன்னி அரிசி, தினமும் ஒரு பால் பாக்கெட். கடைக்காரர் கூட்டித் தரும் தொகையைப் பார்த்ததும் முகம் வாடிவிடுகிறது. உடனே அதை மனத்துக்குள் இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து ஆறுதல் தேடுவார்கள். சம்பளம் இலங்கை ரூபாயில் வருகிறவருக்கு அந்த ஆறுதலால் என்ன பயன்? இந்த மண்ணில் எது விளைகிறதோ, இந்தக் கரைக்கு எது வருகிறதோ, அதை வைத்து வாரநாட்களில் சமையுங்கள். ஊர்ச் சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செலவு தானாக இறங்கும், நாக்குக்கும் நஷ்டமில்லை.

பருப்பிலிருந்து தொடங்குகிறேன். இங்கே கடையில் பருப்பு என்று மட்டும் கேட்டால் மைசூர்ப் பருப்பைத்தான் நிறுத்துத் தருவார்கள். அதுவும் இறக்குமதிச் சரக்குதான். ஆனாலும் நாடு முழுக்க அதையே தின்பதால் துவரையைவிட மலிவாகக் கிடைக்கிறது. ஊறவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம். திறந்த சட்டியில் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். எரிவாயு மிச்சம். “சாம்பார் வைத்தால் கூழாகிவிடுகிறது” என்று குறைப்படுகிறவர்கள் அதைச் சாம்பாராக்குவதை நிறுத்தினால் போதும். பருப்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு, மஞ்சள் சேர்த்து வேகவையுங்கள். பருப்பு மலர்ந்ததும் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கொதியில் இறக்கி, கடுகும் செத்தல் மிளகாயும் (நம் காய்ந்த மிளகாய்) கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். சோறு, ரொட்டி, பாண் (நம் பிரெட்) எதற்கும் இந்த ஒரு கறி போதும்.

இட்லிப் பிரியர்களுக்கு அவ்வளவு நல்ல செய்தி இல்லை. உளுந்து இங்கே விலை கூடிய சாமான். உள்ளூர் வீடுகளில் தோசைக்கு உளுந்தைக் குறைத்துக் கோதுமை மாவைக் கலக்கிறார்கள். உளுந்தோடு வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து, புளித்த மாவில் மஞ்சளும் தாளிதமும் போட்டு வார்ப்பார்கள். நம் ஊர் மொறுமொறுப்பை அதில் எதிர்பார்க்காதீர்கள். தேங்காய்ச் சம்பலோடு சூடாகத் தின்றால் நாலு தோசை உள்ளே போவது தெரியாது.

இங்கே கோதுமை மா என்று விற்பது நாம் மைதா என்கிற வெள்ளை மாவை. சப்பாத்திக்கு ஆட்டா மா என்று கேட்டு வாங்க வேண்டும். சீனக்குடாப் பக்கம் போனால் பிறீமா மாவாலையைப் பார்ப்பீர்கள். கப்பலில் வரும் கோதுமை அங்கேயே அரைபட்டு நாடு முழுக்கப் போகிறது. ஆலை பக்கத்தில் இருப்பதால் நமக்குச் சலுகை ஒன்றும் கிடையாது என்பது வேறு விஷயம். இந்த மாவைச் சமாளிக்க உள்ளூர்ப் பெண்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மாவைத் துணியில் தளர்வாகக் கட்டி, இட்லிப் பானையில் அவித்து, சூடு ஆறுவதற்குள் உதிர்த்துச் சலித்து டப்பாவில் அடைத்துவிடுவார்கள். அவித்த மாவில் பசைத்தன்மை போய்விடும். இடியப்பம் உரலில் ஒட்டாமல் இறங்கும். வறுத்த சிவப்பரிசி மாவோடு இதைக் கலந்தால் பிட்டும் மிருதுவாக வரும், அரிசி மாவும் மிச்சமாகும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் தெருவில் விசாரியுங்கள். காலையிலும் மாலையிலும் வீட்டிலேயே இடியப்பம் அவித்து விற்கும் பெண்கள் அநேகமாக எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். தனியாளாக இருப்பவருக்கு மா வாங்கி, அவித்து, பிழிவதைவிட அவர்களிடம் வாங்குவதே மலிவு.

தேங்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் வீணாக்குவது அதைத்தான். ஊரில் அரை மூடியைத் துருவிச் சட்னி அரைத்துவிட்டு மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து மறந்துவிடுவோம். இங்கே ஒரு தேங்காயிலிருந்து மூன்று பால் எடுக்கிறார்கள். கெட்டியான முதற்பால், அடுத்து இரண்டாம் பால், கடைசியில் வெள்ளைத் தண்ணீர் போலிருக்கும் மூன்றாம் பால். எங்கள் வீட்டுக்கார அக்கா சொதி வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. மூன்றாம் பாலிலேயே வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் போட்டு அடுப்பில் வைத்தார். தக்காளி விலை இறங்கியிருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. வெங்காயம் கண்ணாடியாகும்போது இரண்டாம் பால். கடைசியில் முதற்பாலை விட்டதும் தீயைக் குறைத்து, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நின்றார். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட்டார். முதற்பால் தளதளவெனக் கொதித்தால் திரிந்துபோகும். தேசிக்காய்ப் புளியும் (எலுமிச்சைச் சாறு) இறக்கிய பிறகுதான், சற்று ஆறியதும். எண்ணெய் ஒரு சொட்டும் சேரவில்லை. இடியப்பத்துக்கு, பிட்டுக்கு, சோற்றுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சட்டிச் சொதி ஓடியது. இரண்டு சூடைமீனைப் போட்டால் மீன் சொதி, அவித்த முட்டையைப் போட்டால் முட்டைச் சொதி.

தேங்காயின் விலை சில மாதங்களில் கண்ணைக் கட்டும். அப்போதும் தேங்காய்ப்பால் மாவுப் பாக்கெட்டுக்குத் தாவாதீர்கள். ருசியும் வராது, பணமும் மிஞ்சாது. தேங்காயைக் குறைத்துச் சமைக்கும் கறிகளுக்கு அந்த மாதங்களில் மாறிக்கொள்ளுங்கள்.

இனி மீன். இந்த ஊரில் குடியிருந்துகொண்டு மீன் விலை அதிகம் என்கிறவர் தவறான மீனைத் தவறான மாதத்தில் வாங்குகிறார் என்றுதான் அர்த்தம். ஊரில் வஞ்சிரம் என்று தேடியது இங்கே அறக்குளா. ஹோட்டல்கள் வாங்கும் மீன் அது. விளமீனும் பெரிய பாரையும் அப்படித்தான். நீங்கள் பார்க்க வேண்டியவை சூடை, கீரி, சாளை, நெத்தலி. சின்ன மீனைப் பல இடங்களில் கூறு வைத்து விற்பார்கள். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும், மீன் தாராளம். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று கிளம்பி மழை இறங்கினால் சிறிய படகுகள் கரையிலேயே கிடக்கும், விலை ஏறிவிடும். அந்த மாதங்களுக்கு கருவாடு, முட்டை, டின் மீன். காலையில் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் கரைவலை இழுத்து முடியும் நேரத்துக்குப் போய் நின்றால் துள்ளுகிற மீன் கிடைக்கும். போகும்போது பையும் சில்லறையும் கொண்டுபோங்கள். அங்கே நின்று பேரம் பேசி இழுபடாதீர்கள். அவர்கள் விடியலிலிருந்து கயிறு இழுத்திருக்கிறார்கள்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழுந்திருந்தால் வேண்டாம். சூடைமீனை மண்சட்டியில் ஒரே வரிசையாக அடுக்கி, கரைத்த பழப்புளி, கறித்தூள், வெந்தயம், உப்பு, கொஞ்சம் இரண்டாம் பால் விட்டு மூடி வையுங்கள். கரண்டி போடக் கூடாது. சட்டியைப் பிடித்துச் சுற்றி அசைத்தால் போதும். மறுநாள் காலையில் பாணோடு தின்றுபாருங்கள், பிறகு வஞ்சிரத்தைக் கேட்க மாட்டீர்கள்.

கறித்தூள் விஷயத்தில் ஒன்று. கடையில் சும்மா தூள் என்று கேட்டால் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் வறுத்துத் திரித்த கலவையைத் தருவார்கள். வெறும் மிளகாய்தான் வேண்டுமென்றால் தனி மிளகாய்த்தூள் என்று சொல்லுங்கள். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, குழம்புப் பொடி என்று ஆறு டப்பா வைத்துக்கொள்வதைவிட இந்த ஒரு தூளில் ஒரு மாதம் ஓட்டலாம். மஞ்சள் மட்டும் யானை விலை. 2019 இறுதியில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு எப்படி ஏறியது என்பதை இங்கே கடத்த முயன்று நம் ராமநாதபுரம் கரையில் பிடிபட்ட மூட்டைகளே சொல்லும். அதனால் ஊரிலிருந்து பெட்டி பெட்டியாக மஞ்சள் கொண்டுவரும் யோசனை வேண்டாம். சிட்டிகைதானே போடுகிறோம், சிறிய பாக்கெட்டாக இங்கேயே வாங்குங்கள்.

அரிசிக்குத் தம்பலகாமம் இருக்கிறது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்கள். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் புது நெல் வரும்போது அரிசி ஆலையில் நேராக வாங்கினால் பாக்கெட் அரிசியைவிட இலாபம். நாட்டரிசி போதும், கீரிச்சம்பா விருந்துக்கு மட்டும். ஆலை அரிசியில் சிலசமயம் கல் இருக்கும். உள்புறம் வரிவரியாக இருக்கும் அரிக்கன் சட்டி ஒன்று வாங்கிக்கொண்டால் அரித்தெடுப்பது சுலபம். மற்ற உலர்சாமான்களுக்கு அரசுக் கடையான சதொசவிலும் கூட்டுறவுக் கடையிலும் முதலில் விலை பாருங்கள், பிறகு மற்றக் கடைகளுக்குப் போங்கள்.

சின்ன வெங்காயத்துக்கு நிலாவெளி, கும்புறுப்பிட்டிப் பக்கம். அறுவடைக் காலத்தில் கட்டாக வாங்கித் தொங்கவிடலாம். கீரையில் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை. அரிந்து, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) போட்டு வறை (நம் பொரியல்) செய்தால் ஒரு பிடிக்கு இரண்டு பேர் சாப்பிடலாம். முருங்கையிலையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், பக்கத்து வீட்டில் மரம் இருக்கும்.

பாலுக்குத்தான் மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டும். இங்கே தேநீருக்குப் பெரும்பாலும் பால்மா (பால் பவுடர்), அதுவும் மலிவல்ல. இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீருக்குப் பழகுங்கள். இலங்கைத் தேயிலைக்குப் பால் கட்டாயமில்லை. ஃபில்டர் காபிக்கு நான் மாற்று சொல்லப்போவதில்லை, அப்படி ஒன்று இல்லை. ஆனால் தயிர்! கிண்ணியாவிலிருந்து மண்சட்டியில் வரும் எருமைத் தயிரைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. ஒரு சட்டி வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று நாள் மோர்க்குழம்பு, தயிர்ச்சோறு, கித்துள் பாணி (கித்துள் மரத்துப் பாகு) ஊற்றி ஒரு இனிப்பு என்று ஓடும்.

“அக்கா, நான் தனியாள், அறையில் மின்சார ரைஸ் குக்கர் மட்டும்தான்” என்று கேட்ட தம்பிக்கு: காலைக்கு ஊறவைத்த கௌபி. நம் காராமணிதான் அது. குக்கரிலேயே அவித்துத் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, சம்பல் வைத்துத் தின்னலாம். இரவுக்குப் பாணும் பருப்பும். இடையில் சோயா மீட் பாக்கெட். வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுச் சமைத்தால்தான் அந்தப் பச்சை வாடை போகும். இசை போட்டுக்கொண்டு மாலையில் வரும் பாண் ஆட்டோவில் இனிப்பு பன்களைப் பார்த்து மயங்காதே, மாதக் கடைசியில் அதுதான் ஓட்டை. ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரின் உருண்டைப் பின் புதிய வீடுகளின் சதுரத் துளையில் நுழையாது. நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள், பேனா மூடியால் துளையைக் குத்தித் திறக்கிற வேலை வேண்டாம்.

சுத்த சைவம் என்று எழுதிய சகோதரிக்கு: இது உங்களுக்குச் சிரமமான ஊரல்ல, கோணேசர் கோயில் ஊர். வெள்ளிக்கிழமைகளில் பல வீடுகளில் மீன் சட்டியே அடுப்பேறாது. சம்பலில் மட்டும் கவனம். கடையில் வாங்கும் சம்பலிலும் கீரைச் சுண்டலிலும் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். வீட்டில் செய்தால் இடித்த செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேங்காய்ப்பூ, தேசிக்காய் இவ்வளவுதான்.

எரிவாயு சிலிண்டரைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இங்கே லிட்ரோ என்ற எரிவாயு நிறுவனத்தில் 12.5 கிலோ, 5 கிலோ, 2.3 கிலோ என்று வருகிறது. ஊர் ரெகுலேட்டர் பொருந்துமா என்று தெரியாமல் கொண்டுவர வேண்டாம். வெற்றுச் சிலிண்டருக்கும் முதலில் பணம் கட்ட வேண்டியிருக்கும், அதனால் வாடகை வீடு பேசும்போதே சிலிண்டர் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.