சியேனா பக்கம் சரளை ரோட்டில் நாலு நாள்: இந்த உடம்பு தாங்குமா?

ராலே_ரசிகன்

வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன், வயது 51. செப்டம்பர் கடைசி வாரம் நானும் மனைவியும் தஸ்கனியில் நாலு நாள் சைக்கிள் ஓட்டுவதாக முடிவாகிவிட்டது. மார்ச் மாதம் டிவியில் ஸ்ட்ராதே பியாங்கே பந்தயம் பார்த்ததன் விளைவு. அந்த வெள்ளை ரோடும் சைப்ரஸ் மரங்களும் மனதை விட்டுப் போகவில்லை.

என் வண்டி ஸ்டீல் கிராவல் பைக். கியர்ப் பற்கள் முன்னால் 50/34, பின்னால் 11-30, டயர் 32 மி.மீ. அவளுக்கு அங்கேயே இ-பைக் வாடகைக்கு எடுக்கலாம் என்று எண்ணம். வாரம் 100 கி.மீ. ஓட்டுகிறேன், ஆனால் எல்லாம் நெக்கார் ஆற்றங்கரைச் சமதரை.

பழைய சைக்கிள்களில் ஓட்டும் லெரோயிகா என்ற விழாவின் பாதை 209 கி.மீ., வருடம் முழுக்க வழிகாட்டிப் பலகை இருக்கிறது என்கிறார்கள். நாலாகப் பிரித்தால் முடித்துவிடலாமா? டயர், கியர் போதுமா? இன்னொன்று, வீட்டில் அவள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. போன தடவை வெனிஸில் மூன்று நாள் வெறும் பீட்சா தின்று என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள்.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

செயின்_எண்ணெய்

பொலோன்யாவில் 9 வருடமாக இருக்கிறேன். சியேனா பக்கம் மூன்று தடவை போயிருக்கிறேன், மே மாதம் ஒரு தடவை, செப்டம்பரில் இரண்டு. கால் தாங்கும், கவலை வேண்டாம். கை தாங்குமா என்றுதான் யோசிக்க வேண்டும்.

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள். முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளலாமே! லே தோல்ஃபே என்ற ஏற்றத்தில் நான் தள்ளினேன். 1.1 கி.மீ. தான், ஆனால் 18 சதவீதம் வரை நிமிர்கிறது. உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தூக்கும், எழுந்து மிதித்தால் பின்சக்கரம் சரளையில் சும்மா சுற்றும். என்னைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேரும் அடுத்த வளைவில் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆபத்து இறக்கத்தில். கார்கள் ஓடி ஓடி ரோட்டில் இரண்டு தடம் கெட்டியாக இருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் குவிந்து கிடக்கும். தடத்தில் போகிறவரை தார் ரோடு மாதிரிதான். வளைவு வந்ததும் தடம் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும், நாம் கோலிக்குண்டு கொட்டிய தரையில் திரும்பிக்கொண்டிருப்போம்.

முதல் தடவை மோந்தே சாந்தே மரியேயில் அப்படித்தான் மாட்டினேன். 11.5 கி.மீ. சரளை. நீங்கள் டிவியில் பார்த்த பந்தயத்தை மூன்று முறை ஜெயித்த கான்செல்லாராவின் பெயரை அந்தப் பகுதிக்கே வைத்திருக்கிறார்கள். 2024இல் பொகாச்சார் அங்கேதான் எல்லோரையும் உதறிவிட்டு மீதி 81 கி.மீ. தனியாக ஓட்டி ஜெயித்தார். அப்பேர்ப்பட்ட இடத்தில் நான் 15 கி.மீ. வேகத்தில் விழுந்தேன். வளைவுக்கு முன்னால் பிடிக்க வேண்டிய முன்பிரேக்கை வளைவுக்குள் போய்ப் பிடித்தேன், அவ்வளவுதான். முழங்கையில் ரத்தமும் வெள்ளைத் தூசியும் கலந்து அரிசிமாவில் குங்குமம் குழைத்த மாதிரி ஆகிவிட்டது. விறகு ஏற்றி வந்த ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். அவர் ஓட்டிவந்தது நம் ஊர் ஆப்பேயேதான், மூன்று சக்கரம். பியாஜியோவின் பொன்தெதேரா தொழிற்சாலை இதே தஸ்கனியில்தான் இருக்கிறது, 1948இலிருந்து ஆப்பே ஓடுகிறது. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உக்கடம் பஸ் ஸ்டாண்டில் விழுந்து எழுந்த மாதிரி இருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 209 கி.மீ. வேண்டாம். ஏற்றம் மட்டும் 3,500 மீட்டருக்கு மேல், ஏறத்தாழ பாதி ரோடு சரளை. நாலு நாளில் முடிக்கலாம்தான், ஆனால் தினமும் பலகையைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், ஒரு ஊரிலும் உட்கார மாட்டீர்கள். இ-பைக் பேட்டரிக் கவலை வேறு. சியேனாவில் இரண்டு இரவு, தெற்கே பியென்ஸா பக்கம் இரண்டு இரவு தங்குங்கள், தினம் 50-70 கி.மீ. போதும்.

ஒரு நாள் வடக்கே கயோலே பக்கம். போகும்போதே ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் சைப்ரஸ் ரோடு வரும், நீங்கள் டிவியில் பார்த்த மாதிரியே இருக்கும். லெரோயிகா பிறந்தது இந்தக் கயோலேயில்தான். 1997இல் ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் தொடங்கியபோது ஓட்டியவர்கள் 92 பேர். இந்த மண் ரோடுகள் ஒவ்வொன்றாகத் தாருக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் தொடங்கியது. இன்றைக்கும் அந்த நாளில் ஓட்ட 1987க்கு முந்தைய மாதிரி வண்டி வேண்டும், கியர் மாற்றும் கைப்பிடி கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கம்பி வெளியே தெரிய வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும். உங்கள் தேதி அதை உரசினால் கயோலேயில் அறையே கிடைக்காது, இப்போதே பாருங்கள்.

இன்னொரு நாள் கிரேத்தே செனேசி என்ற களிமண் குன்றுப் பகுதி. சியேனாவிலிருந்து லௌரெத்தானா ரோடு, தார்தான், மலை முதுகிலேயே அஷானோ வரை போகும். வழியில் ஒரு கிளை ரோட்டில் வெட்டவெளிக் குன்றின் மேல் கல்லில் ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும் நிற்கின்றன. 1993இல் ஒரு பிரெஞ்சு சிற்பி வைத்தது. அங்கே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றதுதான் மூன்று பயணத்திலும் என் நல்ல அரைமணி நேரம். அஷானோவில் சாப்பிட்டுவிட்டு மோந்தே சாந்தே மரியே வழியாகத் திரும்பினால் மொத்தம் 70 கி.மீ. வரும். திரும்பும்போது மோந்தாபெர்த்தி கடப்பீர்கள், 1260இல் சியேனாக்காரர்கள் ஃபுளோரன்ஸை அடித்து நொறுக்கிய இடம். இப்போதும் சியேனா டீக்கடையில், மன்னிக்கவும், காப்பி பாரில் இதை எடுத்தால் நேற்று நடந்த மாட்ச் மாதிரிப் பேசுவார்கள்.

டயர் 32 போதாது. உங்கள் ஃபிரேமில் 38, 40 நுழையுமா பாருங்கள். நான் 72 கிலோ, 40 மி.மீ. டயரில் முன்னால் 32, பின்னால் 35 பிஎஸ்ஐ அடிக்கிறேன். காற்று அதிகமானால் வரிவரியாக மேடுபள்ளம் உள்ள இடத்தில் பல் ஆடும். பின்னால் 30க்குப் பதில் 34 பல் போடுங்கள், பையோடு ஏற உதவும்.

வாடகை வண்டி எடுத்ததும் கடை வாசலிலேயே பிரேக் கட்டையைப் பாருங்கள். ஒரு கடையில் எனக்குத் தேய்ந்துபோனதைக் கொடுத்துவிட்டார்கள், முதல் இறக்கத்தில்தான் தெரிந்தது. பெயர் வேண்டாம், அடுத்த தடவை ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள்.

சூரிச்_தம்பி

ஓம், செயின்_எண்ணெய் அண்ணை சொன்னது முழுக்கச் சரி. நான் மூன்று வருசத்துக்கு முன்னம் போனனான். ஒண்டு மட்டும் சேர்க்கிறேன்: தண்ணி. செப்டம்பரிலும் பகலில் நல்ல வெயில், ஊருக்கு ஊர் கனதூரம். போத்தல் முடிஞ்சால் சேமக்காலையைத் தேடுங்கோ. இத்தாலியில் அநேகமா எல்லாச் சேமக்காலையிலும் பூவுக்கு ஊத்த ஒரு பைப் இருக்கும். "நோன் பொத்தாபிலே" எண்டு எழுதியிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலமை காட்டுப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், வேட்டைக்காரர். பளிச்செண்டு நிறத்தில் சட்டை போடுங்கோ.

செயின்_எண்ணெய்

தம்பி, நான் அண்ணை இல்லை, அக்கா. :)

கல்லறைக் குழாய் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.

சாப்பாட்டை விட்டுவிட்டேன். ராலே சார், உங்கள் வீட்டம்மா வெனிஸைவிட இங்கே நன்றாகவே சாப்பிடுவார். ரிபொல்லீத்தா என்று ஒரு கூழ், பீன்ஸும் கருங்கீரையும் பழைய ரொட்டியும் போட்டுக் கொதிக்கவைப்பது. மறுநாள் சூடு பண்ணினால்தான் ருசி, நம் வீட்டுப் பழைய குழம்பு மாதிரி. பீச்சி என்கிற தடித்த கைநூடுல்ஸ் பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான், முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுவிடுங்கள். "அல்லியோனே" என்றால் தக்காளியும் பூண்டும். கூழில் மட்டும் இறைச்சிச் சாறு ஊற்றியிருக்கலாம், "சென்ஸா கார்னே, சென்ஸா ப்ரோதோ" என்று சொல்லிக் கேளுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது. முதல் நாள் கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போய் அசடு வழிந்தேன். பையில் ஊறுகாய்ப் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். இரண்டரை மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள், ஒன்றிலிருந்து நாலு வரை மளிகைக்கடையும் பூட்டு.

ராலே_ரசிகன்

அக்கா, தம்பி, இருவருக்கும் நன்றி. 40 மி.மீ. டயர் ஆர்டர் போட்டாகிவிட்டது. 209 கனவைக் கைவிட்டேன், மனைவி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

அவளுக்கு ஒரே கேள்வி: அந்தப் பச்சைக் குன்றுகள் செப்டம்பரில் தெரியுமா? என்னுடைய கேள்வி: மழை வந்தால்?

செயின்_எண்ணெய்

பச்சை கிடையாது. அது ஏப்ரல், மே. செப்டம்பரில் கோதுமை அறுத்து உழுதுபோட்டிருப்பார்கள், மொத்தமும் சாம்பல் நிறம், நிலாவில் இறங்கிய மாதிரி. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது, அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமாதானப்படுத்த ஒரு மாலை பான்யோ வின்யோனிக்குக் கூட்டிப்போங்கள். ஊர் நடுச் சதுக்கம் முழுக்க வெந்நீர்க் குளம். அதில் இறங்கக்கூடாது, ஆனால் ஓரமாக வழிந்து ஓடும் வாய்க்காலில் கால் நனைக்கலாம். நாலு நாள் மிதித்த காலுக்கு அது போதும்.

மழையென்றால் வடக்கே கியாந்திப் பக்கம் ஓட்டலாம், அங்கே கல் அதிகம். கிரேத்தே வேண்டவே வேண்டாம். அது களிமண், சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டி நகராது, குச்சியால் சுரண்டிச் சுரண்டி எனக்கு ஒரு மணி நேரம் போயிற்று. அஷானோவிலும் புவோன்கொன்வேந்தோவிலும் ஸ்டேஷன் இருக்கிறது. பிராந்திய ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட், நான் எடுத்தபோது மூன்றரை யூரோ. சியேனா ஸ்டேஷன் பள்ளத்தில், ஊர் மேட்டில். எதிர்க் கட்டிடத்திலிருந்து ஊர் வரை எஸ்கலேட்டர் போகிறது. களிமண் சைக்கிளோடு அதில் ஏறாதீர்கள், நான் ஏறி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.